ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, அப்புறம்? வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் எடுக்கிறேன். வருடத்துக்கு நான்கைந்து முறை வட்டார வள மையத்தில் நடக்கும் ஆசிரியர் பயிற்சிக்குக் கருத்தாளராகவும் போவேன். மைக் பிடித்துப் பேசும்போது யாரும் எதையும் கேட்பதில்லை. டீயும் வடையும் வரும்போதுதான் கேள்விகள் வரும். அங்கே கேட்டவை, பெற்றோர் கூட்டத்தில் கேட்டவை, இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தவை என்று சேர்த்து வைத்திருந்ததை இங்கே தருகிறேன்.

சாக்பீஸும் கரும்பலகையும் போதாதா? நாமெல்லாம் அப்படித்தானே படித்தோம்?

பெரும்பாலான பாடத்துக்குப் போதும். நானும் ஒரு நாளைக்கு ஐந்து பீரியடு இருந்தால் நாலில் சாக்பீஸ்தான் பிடிக்கிறேன். ஆனால் கரும்பலகையால் முடியாத சில காரியங்கள் உண்டு. அசைவதைக் காட்ட அதனால் முடியாது. கண்ணுக்கு எட்டாததைக் காட்ட முடியாது. நாம் நிற்கும் இடத்தை மாற்றிப் பார்க்க முடியாது.

ஒரு வகுப்பைச் சொல்கிறேன். நிலவின் கலைகள் பாடம். பல வருடமாக நான் பலகையில் பிறையை எழுந்து நிற்கிற மாதிரிதான் வரைந்து வந்தேன், அடைப்புக்குறியைப் போல. பார்த்த படமெல்லாம் அப்படித்தான். ஒரு பெண் எழுந்து, "சார், எங்க வீட்டு மாடியில இருந்து பார்த்தா அது தொட்டில் மாதிரி இல்ல கிடக்கும்?" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. வானத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து வரைந்தவன் நான்.

அது ஐப்பசி மாதம், வெளியே மேகம். மடிக்கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் இருந்தது. எந்த ஊரின் வானத்தையும் எந்தத் தேதிக்கும் காட்டும். எங்கள் ஊரைக் கொடுத்து, அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் மாலைக்கு நகர்த்தினேன். பிறை கொஞ்சம் சாய்ந்த தோணி போலத் தெரிந்தது. பிறகு ஊரை லண்டன் என்று மாற்றி, கடிகாரத்தை அங்கே பொழுது சாயும் நேரத்துக்கு வைத்தேன். அதே நாள், அதே பிறை, ஏறக்குறைய எழுந்து நின்றது. வகுப்பில் சத்தமே இல்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, "அவங்க நம்மளுக்குச் சாய்ஞ்சு நிக்கிறாங்க சார், அதான்" என்றான். பூமி உருண்டை என்பதை மூன்றாம் வகுப்பிலிருந்து எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் அன்றைக்குத்தான் அந்த உருண்டை மேல் நின்று பார்த்தார்கள். வீட்டுப் பாடமாக ஒன்றே ஒன்று கொடுத்தேன்: மேகம் விலகும் நாளில் மாடிக்குப் போய்ப் பிறையை வரைந்து வா. மாசி, பங்குனியில் அது இன்னும் நன்றாகப் படுத்துக் கிடக்கும். அப்போது மறுபடி வரைந்தார்கள்.

தொழில்நுட்பத்தால் என்ன நன்மை என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். திரை பத்து நிமிடம்தான் எரிந்தது.

வீடியோ போட்டால் பிள்ளைகள் கப்சிப் என்று இருக்கிறார்கள். அதுவே நன்மைதானே?

அது நமக்கு நன்மை, அவர்களுக்கு அல்ல. ஒரு வேலை செய்து பாருங்கள். ஒன்றரை நிமிடம் ஓடியதும் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அல்லது ஒலியை முழுதாக அமுக்கிவிட்டு, ஒரு மாணவனை முன்னால் நிற்க வைத்து வர்ணனை செய்யச் சொல்லுங்கள். யாருக்குப் புரிந்தது, யார் படம் பார்த்தார்கள் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கிரிக்கெட் வர்ணனை பாணியில் இதயத்தின் வேலையை ஒருவன் சொன்னபோது பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இதனால் கற்றல் உண்மையில் கூடுகிறதா? ஆய்வு ஏதாவது உண்டா?

உண்டு. நம் நாட்டிலேயே நடந்தவை இருக்கின்றன. இரண்டைத் தெரிந்துகொண்டால் மீதி விவாதம் பாதி குறையும்.

முதலாவது குஜராத்தில், ஞான் ஷாலா என்ற தொண்டு நிறுவனத்தின் பள்ளிகளில் நடந்தது. பொருளியலாளர் லீ லிண்டன் 2008இல் எழுதினார். கணினியில் கணக்குப் பயிற்சி. ஒரு பகுதிப் பள்ளிகளில் அதைப் பள்ளி நேரத்திலேயே, ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துக்கொண்டு கொடுத்தார்கள். இன்னொரு பகுதியில் பள்ளி நேரத்துக்கு வெளியே, கூடுதலாகக் கொடுத்தார்கள். மென்பொருள் ஒன்றுதான். ஆசிரியரின் இடத்தில் கணினி உட்கார்ந்த பள்ளிகளில் பிள்ளைகளின் மதிப்பெண் கணிசமாக இறங்கியது. கூடுதலாகக் கொடுத்த இடத்தில் ஏறியது, அதிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அதிகம். பயிற்சியில் இதைச் சொன்னால் "கணினிப் பெட்டி நல்லதா கெட்டதா" என்று கேட்பவர்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள். கேள்வி பெட்டியைப் பற்றியதே அல்ல, அது யாருடைய நேரத்தைத் தின்கிறது என்பதுதான்.

இரண்டாவது டெல்லியில் நடந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளோடு பள்ளி முடிந்த பிறகு தனிப்பயிற்சி, நாலரை மாதம். கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். ஏன் என்பதுதான் நமக்கு முக்கியம். அந்தப் பிள்ளைகளில் 6ஆம் வகுப்பு மாணவர் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார். 9ஆம் வகுப்புக்கு வரும்போது அந்த இடைவெளி நாலரை வகுப்பாகிவிட்டது. ஆசிரியர் 9ஆம் வகுப்புப் பாடத்தை நடத்துகிறார், எதிரே இருப்பவர் 5ஆம் வகுப்புக் கணக்கில் நிற்கிறார். மென்பொருள் செய்தது, ஒவ்வொருவரும் நிற்கிற படியைக் கண்டுபிடித்து அங்கிருந்து கேள்வி கேட்டது. நாற்பது பேருக்கு நாற்பது விதமான கேள்வித்தாள் தயாரிக்க என்னால் முடியாது. அதற்கு முடியும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரு நாட்டில் ஆளுக்கு ஒரு மடிக்கணினி கொடுத்தார்கள். ஊர்ப்புறப் பள்ளிகள் 319இல் செய்த மதிப்பீடு 2012இல் வந்தது. கணக்கிலோ மொழியிலோ மதிப்பெண் கூடவில்லை. கருவி கைக்குப் போனது, பாடம் நடத்தும் விதம் மாறவில்லை.

இது எல்லாமே புதுசுதானா, பழைய கதையா?

பழைய கதை. சினிமா வந்ததும் பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்கு வேலையிருக்காது என்று எடிசன் 1913இல் சொன்னார். 1975இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியோடு இந்தியாவின் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியில் கல்வி நிகழ்ச்சிகள் போயின; சைட் என்று பெயர். 2004இல் இஸ்ரோ கல்விக்கென்றே எடுசாட் என்ற செயற்கைக்கோளை ஏவியது. 2019 ஆகஸ்டில் நமக்குக் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அதற்கு முந்தைய வருடமே பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு வந்துவிட்டது. 2023இல் மணற்கேணி என்ற அரசின் பாடக் காணொளிச் செயலி. சீனியர் ஆசிரியர் ஒருவர் சொல்வார்: "நான் சேர்ந்தப்ப ரேடியோவுக்குப் பூட்டு போட்டு வச்சிருந்தாங்க தம்பி. இப்ப புரொஜெக்டருக்கு."

பூட்டு விஷயம் நகைச்சுவை இல்லை. காணாமல் போனால் யார் பொறுப்பு என்ற பயத்தில் பீரோவுக்குள் வாரண்டி முடிந்த கருவிகள் எத்தனையோ. உங்கள் பள்ளியில் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் லீவு போட்டால் என்ன என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியரே தேவையில்லை என்று ஆகிவிடுமா?

சுகதா மித்ரா என்ற பேராசிரியர் 1999இல் டெல்லியில் சேரியை ஒட்டிய சுவர் ஒன்றில் கணினியைப் பதித்து வைத்தார். பிள்ளைகள் தாங்களாகவே இயக்கக் கற்றுக்கொண்டார்கள். அவரே பிறகு தென்னிந்தியாவில் காளிக்குப்பம் என்ற மீனவக் கிராமத்துக்கும் வந்தார். தமிழ் பேசும் பிள்ளைகள், ஆங்கிலத்தில் உயிரித்தொழில்நுட்பப் பாடம், ஆசிரியர் கிடையாது. சில மாதம் கழித்துச் சோதித்தபோது சுமார் 30 சதவீதம் எடுத்தார்கள் என்கிறார். இந்த இடத்தோடு கதையை நிறுத்துகிறவர்கள் அதிகம். அதற்கு மேலும் இருக்கிறது. அதே ஊரில் பிள்ளைகளோடு பழகிய இளம்பெண் ஒருவரை அவர் துணைக்கு அழைத்தார். அந்தப் பெண்ணுக்கும் பாடம் தெரியாது. பின்னால் நின்று, "அட, இதை எப்படிக் கண்டுபிடிச்சே? எனக்கும் காட்டு" என்று கேட்டுக்கொண்டே இருப்பது மட்டும் வேலை. மதிப்பெண் 50 சதவீதத்துக்குப் போனது.

கொரோனா காலம் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சில் மூடிய பள்ளி 2021 நவம்பர் 1இல்தான் திறந்தது. தொலைக்காட்சி இருந்தது, வாட்ஸ்அப் இருந்தது. இருந்தும் பிள்ளைகள் நிறைய மறந்து வந்தார்கள். எழுத்துக் கூட்டவே தடுமாறிய ஆறாம் வகுப்பை நான் பார்த்தேன். கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்வாசி இல்லம் தேடிக் கல்வியால் என்றும் சொல்கிறது. அதில் இருந்தது என்ன? தெருவிலேயே ஒரு அக்கா, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், ஒரு திண்ணை. வேலைக்கு ஆபத்தா என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதற்கு மேல் ஆறுதல் என்னிடம் இல்லை.

எங்கள் பள்ளியில் நெட் கிடைக்காது. கரண்டும் போகும்.

நெட்டை நம்பி வகுப்புக்குள் நுழையாதீர்கள், நல்ல நெட் இருந்தாலும். வேண்டியதை வீட்டிலேயே இறக்கி பென்டிரைவில் எடுத்து வாருங்கள். பெயரைத் தமிழில் வைக்காமல் "7_oli_2" என்பது போலச் சுருக்கமாக, ஆங்கில எழுத்தில் வையுங்கள். சில டிவிகள் தமிழ்ப் பெயரைக் கட்டம் கட்டமாகக் காட்டும். கரண்ட் போனால் அதே பாடத்தைப் பலகையில் நடத்தத் தயாராக இருங்கள். ஆய்வு அலுவலர் வந்து உட்கார்ந்ததும்தான் போகும், அது வேறு விதி.

ஒரே ஒரு செல்போன்தான் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்ய?

நிறைய. என்னைக் கேட்டால் ஸ்மார்ட் போர்டைவிட இதுதான் உபயோகம்.

முதலில், பிள்ளைகளின் நோட்டைக் காட்ட. ஸ்டீல் டம்ளர் இரண்டைக் கவிழ்த்து, மேலே அடிக்கோலை வைத்து, அதன்மேல் போனைக் கிடத்தினால் கேமரா கீழே நோட்டைப் பார்க்கும். டிவியோடு இணைத்துவிட்டால் ஒரு மாணவி போட்ட கணக்கை வகுப்பே பார்க்கலாம். நான் சரியான விடையைக் காட்டுவதில்லை. தவறாகப் போட்டதை, பெயரை மறைத்துக் காட்டி, "எந்த வரியில வழி மாறிச்சு?" என்று கேட்பேன். ஒருமுறை கழித்தல் குறியை அடைப்புக்குறிக்குள் கொண்டுபோகாமல் விட்ட கணக்கு. மூன்றாவது வரியில் இருக்கிறது என்று ஏழெட்டுப் பேர் கத்தினார்கள். தவறு செய்த பையனே எழுந்து, "அது என்னோடதுதான் சார்" என்று சொல்லி வந்து திருத்தினான். நாற்பது நோட்டைச் சிவப்பு மையில் திருத்தியதில் இது நடந்ததில்லை.

அடுத்து ஸ்லோ மோஷன். ஒரு ரப்பரையும் ஒரு கல்லையும் ஒரே உயரத்திலிருந்து விட்டுப் படம்பிடித்து மெதுவாக ஓட்டுங்கள். கனமானது முதலில் விழும் என்று பந்தயம் கட்டியவர்கள் நாலு முறை திருப்பிப் பார்ப்பார்கள். முளைக்கிற பயறை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு படம் எடுத்துச் சேர்த்தால் நான்கு நாள் நாற்பது நொடியில் ஓடும்.

வாசிப்புக்கு ஒலிப்பதிவு. ஜூன் மாதம் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து வையுங்கள். அதே பத்தியை நவம்பரில் வாசிக்கச் சொல்லி இரண்டையும் அந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டுங்கள். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலைவிட இந்த இரண்டு ஒலிப்பதிவு அதிகம் பேசும். ஒரு அப்பா அதைக் கேட்டுவிட்டு மறுபடி போடச் சொன்னார்.

கடைசியாக, காகித நுண்ணோக்கி. ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் மனு பிரகாஷ் குழு 2014இல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப். மடித்துச் செய்வது, போன் கேமராவில் ஒட்ட வைக்கலாம். வெங்காயத் தோலை உரித்து வைத்தால் செங்கல் அடுக்கியது போல செல்கள் தெரியும். அதுவரை செல் என்றால் நோட்டில் வரையும் வட்டம்தான்.

கணக்குக்கு உருப்படியாக ஏதாவது உண்டா?

ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள். ஆஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் மாணவராக இருந்தபோது தொடங்கியது, இலவசம். முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்து 180 டிகிரி என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். திரையில் ஒரு முக்கோணம் வரைந்து, கோணங்களின் கூட்டுத்தொகையை ஓரத்தில் தெரிய வைத்து, மவுஸை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். முனையை எங்கே வேண்டுமானாலும் இழு, 180ஐ உடை என்று சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தி முனையைக் கீழே கீழே இழுத்து, முக்கோணம் நூல் மாதிரி மெலிந்தபோதும் எண் அசையாததைப் பார்த்து, "சார், படுத்தாலும் விடமாட்டேங்குது" என்றாள். அதன் பிறகு ஏன் என்று நிரூபணம் எழுதினோம். வழக்கமாக நிரூபணம் என்றால் முகம் சுளிப்பவர்கள் அன்று கேட்டு எழுதினார்கள், தோற்ற கோபத்தில்.

அறிவியலுக்கு ஃபெட், திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் மென்பொருள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். அதில் மின்சுற்று கட்டும் பகுதி எனக்குப் பிடித்தது. குறுக்குச்சுற்று ஏற்படுத்தினால் பேட்டரி தீப்பற்றும். நிஜத்தில் நான் அதைச் செய்து காட்ட மாட்டேன். திரையில் முப்பது தடவை எரித்தார்கள், ஏன் எரிகிறது என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் அடுத்த பீரியடு டார்ச் பல்பும் ஒயரும் கையில் கொடுத்துவிட வேண்டும். திரையில் ஒயர் எப்போதும் சரியாக ஒட்டும். நிஜ ஒயரின் பிளாஸ்டிக்கைச் சீவாமல் விட்டால் பல்பு எரியாது என்பதைத் திரை கற்றுத்தராது.

பார்வை குறைந்த பிள்ளை என் வகுப்பில் இருக்கிறாள். இது உதவுமா?

நன்மை என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் இங்கேதான். என் வகுப்பில் ஒரு பெண் மூன்று வருடம் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதியே ஓட்டியிருக்கிறாள். முதல் பெஞ்சில் உட்கார வைத்தும் பலகை தெரியவில்லை. பள்ளி டேப்பில் பலகையைப் படம் எடுத்து அவளிடம் கொடுத்தோம். இரண்டு விரலால் பெரிதாக்கி அவளே படித்தாள். பெரிய செலவு ஒன்றுமில்லை. இதை முன்பே யோசிக்கவில்லையே என்ற வெட்கம்தான் எனக்கு.

முழுதாகப் பார்வை இல்லாதவர்களுக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே இருவரும் 2006இல் தொடங்கியது, இருவருமே பார்வையற்றவர்கள். இலவசம், தமிழையும் வாசிக்கும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிவிடுவார்கள். ஒன்று கவனியுங்கள்: நாம் பாடத்தைப் படமாக ஸ்கேன் செய்து கொடுத்தால் அதனால் வாசிக்க முடியாது. யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையில், தட்டிய எழுத்தாக இருக்க வேண்டும்.

யூனிகோடு என்கிறீர்களே, நான் அடிக்கும் கேள்வித்தாள் வேறு கணினியில் குப்பையாகத் தெரிகிறதே?

அதே வியாதிதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது அந்த எழுத்துரு இருக்கும் கணினியில்தான் தமிழாகத் தெரியும். தமிழ்99 விசைப்பலகை பழகுங்கள். ஒரு வாரம் கை வலிக்கும், பிறகு வேகம் வரும். அதுவரை அச்சுக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். தேர்வன்று காலையில் கேள்வித்தாள் கட்டம் கட்டமாக வந்து, நான் நாற்பது நிமிடம் பலகையில் எழுதிப்போட்டது உண்டு.

ஹைடெக் லேப்புக்குக் கூட்டிப்போனால் ஒரே கூச்சல். இரண்டு பேருக்கு ஒரு கணினி.

கூச்சல் பரவாயில்லை. கவனிக்க வேண்டியது மவுஸ் யார் கையில் என்பதை. பெரும்பாலும் பையன் கையில் இருக்கும், பெண் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: மவுஸ் பிடித்தவர் யோசிக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதினால் மாற வேண்டும். முதல் வாரம் சண்டை வந்தது. இப்போது விசிலை அவர்களே எடுத்து வருகிறார்கள்.

சாட்ஜிபிடியில் வீட்டுப்பாடம் எழுதி வருகிறார்கள். என்ன செய்வது?

எழுதி வரட்டும். வந்ததும் நோட்டை மூடச் சொல்லி, எழுதியதை இரண்டு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். முன்பும் கைடைப் பார்த்து எழுதியவர்கள்தானே.

ஆசிரியருக்கு அது நல்ல உதவியாள், நம்பத்தகாத உதவியாள். ஒரே பாடத்தில் எளிது, நடுத்தரம், கடினம் என்று பதினைந்து கேள்வி கேட்டால் நிமிடத்தில் தரும். அதில் நாலைந்து தேறும். தமிழில் ஒற்று எங்கே மிகும் எங்கே மிகாது என்பதில் தடுமாறும், பாடப்புத்தகக் கலைச்சொல்லுக்குப் பதிலாகத் தானே ஒரு சொல்லைச் செய்யும். அதன் பதிலையே வகுப்பில் போட்டு, தவறைக் கண்டுபிடி என்று விட்டுவிடுவேன். இயந்திரத்தைத் திருத்துவதில் அவர்களுக்கு இருக்கும் சந்தோஷம் தனி.

என் பிள்ளைக்கு டேப் வாங்கித் தர வேண்டுமா? எல்லோரும் வாங்குகிறார்களே. (ஒரு அம்மா)

வேண்டாம்மா. கடன் வாங்கி வேண்டவே வேண்டாம். 2011க்குப் பிறகு பல வருடம் மேல்நிலை மாணவர்களுக்கு அரசு மடிக்கணினி கொடுத்தது. அண்ணனோ சித்தப்பாவோ வாங்கியது வீட்டில் கிடந்தால் அதைத் தூசி தட்டி எடுங்கள், நான் மேலே சொன்னதில் முக்கால்வாசி அதில் ஓடும். இருக்கும் போனைக் கொடுத்தால் கூடத்தில், எல்லோரும் இருக்கும் இடத்தில் பார்க்கட்டும். பக்கத்தில் போன் இருந்தாலே மாணவர் கவனம் சிதறுகிறது என்று யுனெஸ்கோவின் 2023 அறிக்கை சொல்கிறது. பள்ளிகளில் திரையை வெகுவாகப் புகுத்திய ஸ்வீடன் அதே வருடம் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பப் பணம் ஒதுக்கியது.

இதனால் எங்கள் வேலை குறையுமா, கூடுமா?

முதல் வருடம் கூடும், பொய் சொல்ல மாட்டேன். பாடத்துக்கான வேலையாக இருந்தால் இரண்டாம் வருடம் குறையும், தயாரித்தது கையில் இருக்கும். கூடிக்கொண்டே போவது விவரங்களைப் பதிவேற்றும் வேலைதான். சிக்னல் தேடி வராண்டாவில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிற நேரம் எந்தப் பிள்ளைக்கும் பாடமாகாது. அதையும் "தொழில்நுட்பப் பயன்பாடு" என்ற கணக்கில் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வகுப்பில் எடுத்த படங்களை ஸ்டேட்டஸில் வைக்கலாமா?

பிள்ளையின் முகம் தெரிந்தால் பெற்றோரைக் கேட்காமல் வேண்டாம். 2023இல் வந்த எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழானவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், கிழிந்த சட்டையோடு நிற்கும் படம் ஊர் முழுக்கப் போவதை நம் பிள்ளைக்கு விரும்புவோமா? கைகளை எடுங்கள், நோட்டை எடுங்கள்.

எப்போது எதையும் பயன்படுத்தக் கூடாது?

நிஜம் கைக்கு எட்டும்போது. பள்ளி வேலியில் தும்பி உட்கார்ந்திருக்க உள்ளே தும்பி வீடியோ ஓடக் கூடாது.

நிழலில்லா நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எல்லா ஊருக்கும் வருடத்தில் இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரலில் ஒருமுறை, ஆகஸ்ட் பிற்பாதியை ஒட்டி ஒருமுறை, ஊருக்கு ஊர் தேதி கொஞ்சம் தள்ளும். தேதியையும் நேரத்தையும் தெரிந்துகொள்ள மட்டும் முந்தின நாள் கணினியைத் திறந்தோம். மறுநாள் மைதானத்தில் மூங்கில் குச்சி, எவர்சில்வர் டம்ளர், கொடிக்கம்பம், அவ்வளவுதான். 12 மணிக்கே நிழல் மறையும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மறையவில்லை. நம் கடிகாரம் ஓடுவது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் கணக்கில். நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம், எங்கள் ஊரில் அன்றைய உச்சிப்பொழுது 12 மணி தாண்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான். இதை நான் சொல்லவில்லை. "சார், சூரியன் லேட்டா?" என்று ஒருவன் கேட்க, "கடிகாரம்தான்டா ஃபாஸ்ட்டு" என்று இன்னொருத்தி சொன்னாள்.

டம்ளரின் நிழல் சுருங்கிச் சுருங்கி அதன் அடியிலேயே போய் ஒளிந்தபோது தலைமையாசிரியர் குடையைப் பிடித்தபடி வந்து நின்றார். குடையின் நிழல் அவர் காலடியில் வட்டமாக விழுந்தது. பிள்ளைகள் ஆறு பேர் அதற்குள் நுழையப் பார்த்தார்கள்.